எரிந்த ஸ்கூட்டரும் மூன்று அதிகாரிகளும்

என் மின்சார ஸ்கூட்டர் எரிந்தது பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில். சார்ஜ் போட்டிருக்கவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. திடீரென்று சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நான் குடத்தோடு ஓடுவதற்குள் சோளத்தட்டுப் போரும் சேர்ந்து பற்றிக்கொண்டது. மாட்டை அவிழ்த்துவிட்டதே பெரும்பாடு.

வண்டி போனதற்கு நான் அழவில்லை. பயமெல்லாம் தங்கச்சியைப் பற்றித்தான். அவளும் நானும் தருமபுரியில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி வண்டியை வாங்கியவர்கள். ஒரே கரை போட்ட புடவை எடுக்கிற அக்கா தங்கை புத்தி, வண்டியிலும் விடவில்லை. அவள் அரூர்ப் பக்கம் கிராம நர்ஸ். மலையடிவார ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு தினமும் அந்த வண்டியில்தான் போகிறாள். அங்கே போகிற பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "இனிமே அதத் தொடாதடி" என்றேன். "அப்பறம் எதுலக்கா போவறது? ஐஸ் கரைஞ்சா மருந்து வீணாயிடும்" என்றாள்.

தீ அணைந்த மறுநாள் விடிந்ததும் கடைக்காரர்கள் டெம்போவோடு வந்தார்கள். தீயணைப்பு வண்டிகூட அத்தனை சுருக்காக வரவில்லை. 'டெஸ்ட்' என்று சொல்லி எரிந்த பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, மிச்ச எலும்புக்கூட்டை எனக்கு விட்டுப் போனார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். என் வீட்டுக்காரர் அவர்களுக்கு மோர் கொடுத்து வழியனுப்பினார். சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போட்டு யார் வந்தாலும் அவருக்கு அதிகாரிதான்.

இதே மாதிரி இன்னும் சில வண்டிகள் எரிந்து பேப்பரில் வந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. சித்திரையில் மூன்று பேர் ஜீப்பில் விசாரணைக்கு வந்தார்கள். போக்குவரத்துத் துறைக்காரர் ஒருவர், தீயணைப்பு அதிகாரி ஒருவர், சென்னையிலிருந்து ஓர் என்ஜினியர். அதற்குள் கோடை மழை கரியையெல்லாம் கழுவிவிட்டது. எலும்புக்கூட்டுக்குள் கோழி முட்டையிட ஆரம்பித்திருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தங்கச்சியும் அன்று வேலைக்குப் போகிற வழியில், பெட்டியோடு தன் வண்டியில் வந்திருந்தாள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று.

"பேட்டரி எங்கம்மா?" என்றார் என்ஜினியர்.

"கடைக்காரங்க கொண்டு போய்ட்டாங்க."

"அத எதுக்குக் குடுத்தீங்க?"

"நீங்க மொதல்ல வந்திருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேனுங்க."

பேட்டரி இல்லாததால் என்னையே பிரித்துப் பார்த்தார்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது, வீட்டில் யாராவது பீடி குடிப்பார்களா, வண்டியை வெயிலில் நிறுத்தினேனா. வெயிலில் நிற்கக் கூடாத வண்டியைத் தருமபுரியில் கொண்டுவந்து விற்பானேன்? அதை யாரும் கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசியில் என்ஜினியருக்கு ஒன்று கிடைத்தது. "ஆயுத பூசைக்கு வண்டியத் தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா? கற்பூரம் காட்டுனீங்களா?"

கழுவிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டாத வண்டி இந்த ஜில்லாவில் எது? அவர்கள் வந்த ஜீப்பின் முகப்பிலேயே சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. "பூசை போட்டது போன பொரட்டாசிலங்க. பங்குனி வரைக்கும் அந்தக் கற்பூரம் உள்ளயே தூங்கிட்டு இருந்துச்சுங்களா?" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். என்ஜினியர் கேட்காதவர் போல, "யூசர் மிஸ்டேக்" என்று மற்ற இருவரிடமும் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். மூன்று படித்த தலைகள் சேர்ந்து கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

அப்போதுதான் தங்கச்சி கேட்டாள். "சார், இதே வண்டிதாங்க எங்கிட்டயும் இருக்குது. நான் இத ஓட்டலாங்களா, கூடாதுங்களா?"

"தாராளமா ஓட்டுங்கம்மா. வண்டில ஒரு கொறையும் இல்ல. தண்ணி ஊத்திக் கழுவாம இருந்தா போதும்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அவளும் அரசாங்க உத்தியோகக்காரி. அதிகாரி வாயால் ஒன்று சொன்னால் அவளுக்கு அது வேதம், அக்கா சொன்னால் புலம்பல்.

இளநீர் குடித்துவிட்டு மூவரும் வாசலுக்குப் போனார்கள். நாங்களும் பின்னால் போனோம். தங்கச்சியின் ஸ்கூட்டர் ஜீப்பை ஒட்டி வெயிலில் நின்றது. அதைப் பார்த்ததும் என்ஜினியர் சட்டென்று நின்றுவிட்டார்.

"என்னய்யா, இந்த வண்டிகிட்டயா கொண்டாந்து நிறுத்துவ?" என்று டிரைவரை அதட்டினார். "மொதல்ல ஜீப்ப அந்தப் பக்கம் தூரமா எடு."

டிரைவர் ஜீப்பை ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தும்வரை மூவரும் எங்களோடு நிழலிலேயே நின்றார்கள். பிறகு ஸ்கூட்டரைச் சுற்றி வரப்பு மேல் நடந்துபோய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

தங்கச்சி தன் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, மலைக்குப் போற பஸ்ஸு போயிருக்குமா?"