தரைக்குக் கீழே ஒலிக்காத போன்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், படுக்கை விரிப்புகளை இஸ்திரி தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் அவளுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. சொந்தமென்று இருந்தது ஒரே தம்பி, கப்பலில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரை சேரும்போது அரை மணி நேரம் பேசுவான். அந்த அரை மணிக்காகத்தான் அவள் மற்ற நாட்களைத் தள்ளினாள்.

ஏதோ ஒரு துறைமுகத்தில், மூன்று மாத ஓவர்டைம் காசில், அவளுக்கு ஒரு விலையுயர்ந்த போன் வாங்கி அனுப்பினான். அன்றே சிம்மை அதற்கு மாற்றிக்கொண்டாள். அடுத்த முறை கப்பல் கரை சேர்ந்தபோது போன் ஒலிக்கவேயில்லை. மாலையில் தெருவுக்கு ஏறி வந்ததும் குறுஞ்செய்தி விழுந்தது: பதினோரு தவறிய அழைப்புகள். அதற்குள் கப்பல் போய்விட்டது.

ரிப்பேர் கடைக்காரர் போனைப் புரட்டிப் பார்த்தார்.

"போன்ல குறை இல்லக்கா. நம்ம டவர்ல பல அலைவரிசை உண்டு. அதுல ஒண்ணுதான் உங்க அடித்தளம் வரைக்கும் இறங்கும். வேற நாட்டுக்குச் செஞ்ச இந்த போன் அதை மட்டும் வாங்காது."

"சரி பண்ண முடியாதா?"

"முடியாது. இங்க விக்கிறதுல ஒண்ணு வாங்கிக்குங்க."

அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டது அந்த ஒன்று. வீட்டுக்கு வந்து, ரப்பர் பேண்ட் போட்ட பழைய போனில் சிம்மைத் திரும்பச் செருகினாள். தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து, விரிப்பு பாதி இயந்திரத்துக்குள் போயிருந்தபோது பழைய போன் ஒலித்தது.

"ஏன்க்கா போன தடவை எடுக்கல? கோவமா?"

"உங்கிட்ட என்னடா கோவம். வேலை."

"புது போன் எப்படி?"

"ராஜா மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் பழையபடி கொசு மாதிரி கேக்குது? பழசுலதானே பேசுற?"

எல்லாவற்றையும் சொன்னாள்.

"உலகம் பூரா எடுக்கும்னு சொல்லித்தான்கா வித்தான்."

"உலகம் பூரா எடுக்குதுடா. நான்தான் அதுக்குக் கீழ இருக்கேன்."

அவன் சிரித்தான். அவளுக்கோ கண்ணீர் விரிப்பில் சொட்டியது. "மூணு மாசத் தூக்கம்டா அது."

"போனா போகுதுக்கா. எனக்கு அந்தக் கொசு போதும். பேசு, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

எதிரே நின்று கூட வேலை பார்த்த தோழி விரிப்பின் நுனியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நனைக்காம அந்தப் பக்கம் போய்ப் பேசுடி. மறுபடியும் யார் தேய்க்கிறது?"