கிணற்றடியில் கேட்ட ஆரவாரம்

ஊரில் இல்லாத ஒருவர், ஊரிலுள்ள கிணற்றுக்குக் காவல் நிற்கலாமா? மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் இந்தக் கேள்வி மதிலுக்கு அப்பாலிருந்து என்னிடம் வந்தது. அதற்கு முன் நான் அதைக் கேட்டதே இல்லை. கேட்காமல் இருந்ததற்காக என்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுந்தெரு முழுவதற்கும், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். மற்றவை எல்லாம் உவர். அந்த ஒரு கிணறு என் பெரியம்மாவின் மகனுடைய வீட்டு வளவில் இருக்கிறது. அண்ணை கனடாவில் குடியேறி இருபது வருடங்களுக்கு மேல். பெரியம்மா காலமான பிறகு பழைய வீட்டை இடித்து மாடிவீடு கட்டினார். அதில் ஒருவரும் இல்லை. வளவைச் சுற்றி மதில் எழுப்பினார். பக்கத்து வளவில் இருப்பவள், படித்தவள், அரசாங்க வேலையில் இருப்பவள் என்பதால் மேற்பார்வையும் கேற்றுப் பூட்டின் திறப்பும் என் பொறுப்பில் வந்தன.

பெரியம்மா காலத்தில் அங்கே பனையோலை வேலி. அதில் ஒரு பொட்டு இருந்தது. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு விட்ட வழி. தண்ணீருக்கு வருகிறவர்கள் படலைக் கதவைத் தட்டவோ அனுமதி கேட்கவோ தேவையில்லை. நல்ல தண்ணீர் உள்ள வளவை எங்கள் பக்கத்தில் பொட்டு வைக்காமல் அடைப்பதில்லை. மதில் கட்டும்போது மேசன் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, பொட்டுக்கு இடம் விடுறதோ?"

"பிளானிலை அப்பிடி ஒண்டும் இல்லையே" என்றேன். நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பிறகு நான் சொன்ன பதில் அது.

பின்னர் ஒரு முறை வளவுக்குள் புகுந்து கிணற்று மோட்டரைக் களவெடுத்துவிட்டார்கள். அண்ணை கமரா பொருத்தச் சொன்னார். கிணற்றைப் பார்த்தபடி ஒன்று. ஆள் அசைந்தால் அவருடைய போனில் மணி அடிக்கும். அவர் பேசினால் கமராவிலுள்ள ஒலிபெருக்கியில் கேட்கும். அது நியாயமான முன்னெச்சரிக்கை என்றே எனக்குப்பட்டது.

அந்த வருடம் மாரி மழை பொய்த்தது. மாசியிலேயே ஊருக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. பிறகு தொடர்ந்து நான்கு நாட்கள் வரவில்லை. ஒழுங்கை முடிவில் இருக்கும், நான் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் கணவர் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தார். உவர்த் தண்ணீர் அவருக்கு ஆகவே ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான்காம் நாள் மாலை அக்கா என்னிடம் வந்தார். நான் திறப்பைக் கொடுத்தேன். அண்ணையிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விடயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடிய, முற்றத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அப்பால், ஆளில்லாத அந்த வளவுக்குள், ஆயிரக்கணக்கானவர்களின் ஆரவாரம் எழுந்தது. அதைப் பிளந்துகொண்டு அண்ணையின் குரல்.

"ஆரது? கிணத்தடியிலை ஆர் நிக்கிறது?"

அக்காவுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. "நான்தான். உம்மோடை எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான். உங்கை என்ன சத்தம், திருவிழாவே?" என்று சிரித்தபடி கேட்டார்.

"பகிடியை விடும். கேற் எப்பிடித் திறந்தனீர்?"

"தங்கச்சி திறப்புத் தந்தவ. பவுசர் வரேல்லை. இவருக்குக் குடிக்க ரெண்டு கான் மட்டும்தான்."

"அது தங்கச்சியின்ரை வளவே? இண்டைக்கு ரெண்டு கான், நாளைக்கு ஊரே வந்து நிக்கும். களவு போனால் ஆர் பொறுப்பு? வைச்சிட்டுப் போம்!"

நான் ஓடிப்போய்க் கேற்றடியில் நின்றேன். அக்கா கமராவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிரப்பிய இரண்டு பிளாஸ்டிக் கான்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிணற்றுக்குள் கவிழ்த்தார். அள்ளிய தண்ணீரைக் கிணற்றுக்குள் திருப்பி ஊற்றுவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். "உம்மடை தண்ணி உம்மட்டையே இருக்கட்டும்" என்றார். திறப்பை என் கையில் வைத்துவிட்டு, வெறுங்கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அன்று அவர் அடுத்த குறிச்சிவரை போய்த்தான் தண்ணீர் எடுத்தார்.

அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. திரையில் கண்களும் மூக்கும் மீசையும் மட்டும் தெரிந்தன. மீசையில் பனி வெள்ளையாகப் பிடித்திருந்தது. அண்ணைக்குப் பின்னால், கூரையில்லாத பெரிய மைதானமொன்றின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில் பனிக்கட்டித் தளம். பொதிபோல உடுத்த ஆட்கள் வளைந்த தடிகளோடு அதன்மேல் வழுக்கிப் பாய்ந்தார்கள். ஐஸ் ஹொக்கி. வழக்கமாகக் கட்டடத்துக்குள் ஆடுகிற தொழில்முறை அணிகள், வருடத்தில் ஓரிரு நாள்தான் இப்படி வெட்டவெளிக் குளிரில் மோதும் என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கிருந்தபடிதான் கிணற்றடியில் கத்தியிருக்கிறார்.

"உனக்கு விசரே? திறப்பை ஊருக்குப் பங்கு வைக்கிறியோ?"

"அவ தண்ணிக்குத்தான் வந்தவ, அண்ணை. அந்த மனுசன் படுக்கையிலை கிடக்கிறார்."

"எல்லாரும் முதல்லை தண்ணிக்குத்தான் வருவினம். நீ படிச்சனீ, ஆனால் உனக்கு ஆக்களைத் தெரியாது."

"பெரியம்மா பொட்டு விட்டு வைச்சவ."

"அது வேலி. இது மதில்…"

அந்த இடத்தில் மைதானம் ஆரவாரத்தில் வெடித்தது. கறுப்பு வட்டு வலைக்குள் போயிருக்க வேண்டும். "அடிச்சிட்டாங்கள்! அடிச்சிட்டாங்கள்!" என்று அண்ணை துள்ளினார். என்னைத் திட்டிக்கொண்டிருந்ததை மறந்து, போனைத் திருப்பி எனக்கும் காட்டினார். பச்சைப்பிள்ளையின் சந்தோசம் அது. அந்தச் சந்தோசத்தை நான் மன்னிக்க இன்றுவரை முயல்கிறேன், முடியவில்லை.

சற்று நேரத்தில் இடைவேளை. பெரிய வண்டி ஒன்று தளத்தில் மெதுவாக ஊர்ந்தது. அது போன பாதை கண்ணாடிபோல மின்னியது. "பாத்தியே, ஒவ்வொரு இடைவேளைக்கும் தண்ணி ஊத்தி மினுக்குறாங்கள். சுடுதண்ணி!" என்றார் அண்ணை, தானே ஊற்றுவது போன்ற பெருமையோடு.

"எவ்வளவு தண்ணி போகும், அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. "குளிருது, வைக்கிறன்" என்று துண்டித்தார்.

அன்று அலுவலகத்தில் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. கோபத்தை ஒதுக்கிவைத்து விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். மறுபடி திறப்பைக் கொடுத்தால், அதே குரலின் முன் அக்காவை நிறுத்துவதாகும். கமராவைத் துணியால் மூடினால், அண்ணையின் சந்தேகத்தை நானே உண்மையாக்குவதாகும். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. மோட்டர் போனது பொய்யல்ல. ஆனால் ஒரு மோட்டருக்காக ஒழுங்கை முழுவதையும் கள்ளராக்கும் உரிமையை, கடல் தாண்டிக் குளிருக்குள் குந்தியிருக்கும் ஒருவருக்கு யார் கொடுத்தது? நான்தான் கொடுத்தேன். மேசன் கேட்ட அன்று, மதிலோடு சேர்த்துக் கொடுத்தேன்.

இரு வளவுக்கும் இடையிலான மதில் பொது எல்லையில் நிற்கிறது. என் பக்கமிருந்து அதில் வழி விடப்போகிறேன் என்று அண்ணைக்கு அழைத்துச் சொன்னேன்.

"உடைச்சியெண்டால் உனக்கும் எனக்கும் ஒரு கதையும் இல்லை" என்றார்.

"ஒளிச்சுச் செய்ய ஏலாது எண்டுதான் சொல்லுறன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசன் வந்தார். "கட்டினதும் நான், இடிக்கிறதும் நான். தேத்தண்ணி மட்டும் ரெண்டு தரம்" என்று சிரித்துக்கொண்டே சம்மட்டியை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் கல் விழுந்தபோது மனம் ஆறும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை.

அக்கா வர மறுத்தார். இரண்டு தரம் போய்க் கேட்டு, மூன்றாம் தரம் அவருடைய கான் ஒன்றை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்தார். கிணற்றடியில் நின்று, "அண்ணை, நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்று கமராவைப் பார்த்துச் சொன்னேன். ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்தது. அக்கா கானை நிரப்பத் தொடங்கினார்.

வீட்டுத் திறப்பை அண்ணை சொன்னபடி பக்கத்துத் தீவில், மண்கும்பானிலுள்ள அவருடைய மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டேன். அண்ணை இப்போது என்னோடு கதைப்பதில்லை. மதிலில் இரண்டரை அடி அகலத்தில் கதவில்லாத வழி ஒன்று இருக்கிறது. எங்கள் ஒழுங்கையிலுள்ளவர்கள் என் வளவால் வந்து அதன் வழியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள்.