வீட்டுக்காரருக்குப் போட்டாச்சா?

தோளில் பையை மாட்டிக்கொண்டு அவள் தெருமுனையில் திரும்பினால் போதும், பாதி வீடுகளில் ஆள் இருக்காது. வாசலில் செருப்பு கிடக்கும், உள்ளே டிவி கத்தும், குக்கர் விசில் அடிக்கும், ஆனால் ஆள் மட்டும் இருக்காது. "அம்மா வெளிய போயிருக்காங்க" என்று குழந்தை சொல்லும்போது, கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவே குழந்தைக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது காதில் விழும். தெருவுக்கே அவள் பாலிசி அக்கா. ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சாவைப் பற்றிப் பேசி வயிறு வளர்ப்பது லேசுப்பட்ட காரியமா என்ன? மாதச் சம்பளக்காரன் என்றால் பரவாயில்லை, வரி மிச்சமாகும் என்று சொன்னால் காது கொடுப்பான். அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுகிறவன் இருக்கிறானே, அவன் குடும்பத்துக்குத்தான் இது உண்மையிலேயே வேண்டும். அவனோ, "இன்னைக்குச் சாப்பாட்டுக்கே வழியக் காணோம், நான் செத்த பிறகு சாப்பிட இப்பவே கட்டச் சொல்றியா?" என்பான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, யாரைச் சொல்லி நோவது! இன்னும் சிலர், "செத்தாத்தான் காசா? உயிரோட இருந்தா ஒண்ணும் கிடையாதா? அப்போ இது என்ன திட்டம்?" என்று அவளையே ஏமாற்றுக்காரி ஆக்கிவிடுவார்கள். ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினான், அதற்கப்புறம் ஒரு வருஷம் பையோடு வருகிற எவளைக் கண்டாலும் ஜனங்களுக்கு எரிந்தது. புதுசாகக் கல்யாணமானவன் பெண்டாட்டி எதிரில் பேசவிடவே மாட்டான். அதே தெருவில் சின்ன வயதுக்காரன் ஒருவன் திடீரென்று போய்விட்டால், அடுத்த வாரம் முழுக்க அவள் போன் ஓயாது. பயம் தெளிந்ததும் பழைய கதைதான்.

ஆனால் எல்லோரும், படித்தவர் படிக்காதவர் என்று பாக்கியில்லாமல், கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும்க்கா, உங்க வீட்டுக்காரருக்குப் போட்டாச்சா?"

"பின்ன? முதல் பாலிசியே அவருக்குத்தானே!" என்பாள் பளிச்சென்று. சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பில்தான் பேனாவை எடுப்பார்கள்.

அது பச்சைப் பொய்.

அவள் வீட்டுக்காரர் கார்ப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு காரின் நிறம் ஒட்டியிருக்கும். ஏஜெண்ட் வேலையில் சேர்ந்த முதல் மாதமே அவள் அவரிடம்தான் போய் நின்றாள். "எங்கப்பா போட்டாரு, மறுமாசமே போய்ச் சேர்ந்தாரு. எனக்கும் நாள் குறிக்கிறியா?" என்று குதித்தார். மூன்று வருஷம் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்து பார்த்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொறுக்க முடியாமல், "குடு, எழவு! எங்க போடணும்?" என்று இடது கையால் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முதல் தவணைக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தாள். நேராக ஆபீசுக்குப் போயிருந்தால் கதையே வேறு.

அங்கேதான் அந்தத் தொழிலுக்கே உரிய ஒரு பைத்தியக்காரத்தனம் குறுக்கே வந்தது. இத்தனை ஆள் பிடிக்காவிட்டால் ஏஜெண்ட் சீட்டு கிழியும் என்று ஆபீசில் ஒரு கணக்கு உண்டு. சொந்த வீட்டு ஆள் அந்தக் கணக்கில் சேராது. அதனால் கடைசி நாளில் ஏஜெண்டுகள் என்ன செய்வார்கள் என்றால், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இழுக்கிற வாடிக்கையாளருக்குத் தங்கள் கைக்காசையே முதல் தவணையாகக் கட்டிவிட்டு, பிறகு வாங்கிக்கொள்வார்கள். வாங்கவும் செய்வார்கள், வாங்காமலும் போவார்கள். அவளுக்கு அன்றைக்கு ஒரு ஆள் குறைந்தது. தையல்கடைக்காரி ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டு, பணம் கையில் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்கென்று வைத்திருந்த பணம் பையில் இருந்தது. எடுத்துக் கட்டிவிட்டாள். அவருக்கு அடுத்த மாதம் போட்டால் போகிறது, ஆள் கல்லு மாதிரிதானே இருக்கிறார் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அவர் கேட்டார். "போட்டுட்டியா?"

"ம்" என்றாள்.

அடுத்த மாதம் மகளின் பள்ளிக்கூடக் கட்டணம் வந்து நின்றது. அதற்கடுத்து அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது, தவணைத் தொகை எகிறியது. பிறகு வயது ஏறியது, இன்னும் எகிறியது. அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பாளோ என்னவோ. அந்த 'ம்' அப்படியே நின்றுபோயிற்று.

இப்போது இதயத்தில் அடைப்பு. பட்டறையில் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே சரிந்துவிட்டார். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி, "மூணு இடத்துல அடைப்பு இருக்கும்மா. ஆபரேஷன் பண்ணா நல்லா இருப்பார். இந்த வாரத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். அவர்களுக்கென்று இருந்தது ஊருக்கு வெளியே ஒரு துண்டு இடம். அதை விற்க அவள் அன்றைக்கே ஆள் பேசி முடித்தாள். அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

வீடு மாடியில், இரண்டே அறை. கீழே தண்ணீர்க் கேன் கடை, நாள் முழுக்கக் கேன் உருட்டும் சத்தம். ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அந்த இடத்தைத் தொடாத."

"என்னங்க பேசுறீங்க? ஆபரேஷனுக்கு வேற எங்க போறது?"

"ஆபரேஷனே வேணாங்கறேன். இடத்தை வித்து, என்னை அறுத்து, அப்புறமும் நான் பட்டறைக்குப் போக முடியுமா? உட்கார வச்சு நீதான் சோறு போடணும். போனேன்னு வச்சுக்க, நீ போட்ட பாலிசி இருக்கு. பணம் வரும், இடமும் மிஞ்சும், பாப்பா படிப்பும் முடியும். கணக்குப் போட்டுப் பாரு. நீயே ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுற கணக்குதானே?"

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் என்ன வாங்கி வருவது என்று பேசுகிற மாதிரி சொன்னார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாலிசி இல்லைங்க" என்றாள்.

"என்னது?"

"உங்களுக்குப் போடவே இல்லை. அந்தப் பணத்தை வேற ஒருத்திக்குக் கட்டிட்டேன். பாவி நான், உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது.

"ஆளைப் பாரு! யாரையும் பேசியே கவுத்துடுவ, தெரியாதா எனக்கு? என்னைக் கத்திக்குக் கீழ படுக்க வைக்கணும்னு எடுத்து விடுற பாரு ஒரு புளுகு! இத்தனை வருஷமா தெருவெல்லாம் சொன்னது பொய்யாம், இன்னைக்குச் சொல்றதுதான் நிஜமாம்!"

"சத்தியமாங்க. நம்ம பொண்ணு மேல சத்தியம்."

"பொண்ணை எதுக்குடி இழுக்குற? பேசாம போய் வேலையைப் பாரு."

அழுதாள். தலையில் அடித்துக்கொண்டாள். மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். மகள் கல்லூரி விடுதியிலிருந்து கதறினாள். அவர், "உங்கம்மா சொல்லிக் குடுத்ததை ஒப்பிக்காத" என்று போனை வைத்துவிட்டார். மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாள் அவர் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தால் விரலுக்கடியில் மூச்சு தடுக்கித் தடுக்கி ஓடுவது தெரிந்தது.

ஆபீசுக்கு ஓடினாள். மேனேஜர் முன்னால் நின்று, "சார், என் வீட்டுக்காரர் பேருல பாலிசி எதுவும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இருக்குன்னு கேட்டா எடுத்துக் குடுக்கலாம்மா. இல்லாததுக்கு எதைப் பார்த்து எழுதுறது? அதுவும் ஏஜெண்டோட புருஷனுக்கே பாலிசி இல்லைன்னு ஆபீஸ் தாள்ல எழுதினா, வெளிய தெரிஞ்சா நம்ம மானம் என்ன ஆகும்? போங்கம்மா, அவரைக் கவனிங்க."

"சரி, இப்பவாவது அவருக்கு ஒண்ணு போட முடியுமா சார்?" என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும். வேறு எவளாவது இப்படிக் கேட்டு வந்திருந்தால், "நல்லா இருந்தப்போ எங்கம்மா போனீங்க?" என்று அவளே சொல்லியிருப்பாள். மேனேஜர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

திரும்பி வரும் வழியில் அந்தத் தையல்கடை. ஆறு மிஷின்கள், ஆறு பெண்கள். அத்தனை பேரும் அவளிடம் பாலிசி போட்டவர்கள். அந்தப் பெண்களின் அக்கா தங்கைகள், நாத்தனார்கள் என்று அவள் பிழைப்பில் பாதி அந்தக் கடை வழியாக வந்ததுதான். கடைக்காரிக்கு வாயில் எதுவும் தங்காது. காலையில் சொன்னால் மாலைக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். பாலிசி அக்கா வாசலில் நின்று யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? உள்ளே போய்க் கடைக்காரியின் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் வீட்டுக்கு வா."

"என்னக்கா ஆச்சு? அண்ணனுக்கு ஏதாவது..."

"வா சொல்றேன்."

கடைக்காரி கழுத்தில் அளவெடுக்கும் நாடாவோடு அப்படியே மாடியேறி வந்தாள். அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலிசி அக்கா கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள்.

"நீ அன்னைக்கு என்னைக் கேட்ட. உங்க வீட்டுக்காரருக்குப் போட்டாச்சான்னு. நான் என்ன சொன்னேன்?"

"முதல் பாலிசியே அவருக்குத்தான்னு சொன்னீங்க. அதை நம்பித்தானே நான் போட்டேன்? கடைப் பிள்ளைங்களையும் போடச் சொன்னேன்?"

"பொய். உன்கிட்ட சொன்னது பொய், உன் கடைப் பொண்ணுங்ககிட்ட சொன்னது பொய், இந்தத் தெருவுல ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னதும் பொய். இவருக்கு ஒரு பாலிசியும் கிடையாது. போய்ச் சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு."

கீழே கேன் உருட்டும் சத்தம் நின்றிருந்தது. தையல்கடைக்காரியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. கழுத்து நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... என்னுதாவது இருக்காக்கா? இல்ல அதுவும் வாய்ப்பேச்சுதானா?"

"உன்னுது இருக்கு. இவருக்குன்னு வச்சிருந்த காசுலதான் உன்னுது ஆரம்பிச்சுது."

"நல்லா இருக்குக்கா" என்றாள் அவள். "ரொம்ப நல்லா இருக்கு. நான் ஆபீசுக்கே போய்ப் பார்த்துக்கறேன்." செருப்பை மாட்டாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவர் சிரிக்கவில்லை. இவள் எதற்காகவும் எந்தப் பொய்யும் சொல்லுவாள், ஆனால் தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள மாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா? அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தலையணை உறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிஜமாவே இல்லையா?"

"இல்லைங்க."

"நான் செத்தா உங்களுக்கு ஒண்ணுமே வராதா?"

"ஒண்ணுமே வராதுங்க."

அவர் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தாள். இடத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை வலது கையால், நிதானமாக. பிறகு, "சட்டையை எடு" என்றார்.

மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வந்ததும் பேசினார். "பட்டறையில முகமூடி போடுடா, போடுடான்னு முதலாளி கத்துவான். வெக்கையில எவன் போடறது? போனா போறோம், வீட்டுக்குத்தான் பாலிசி இருக்கேன்னு விட்டுடுவேன். நெஞ்சு வலிக்குதுன்னு ரெண்டு வருஷமா உன்கிட்டகூடச் சொல்லலை. சொன்னா செலவு. எப்படியும் அது இருக்கேன்னு..." அவள் அவர் முழங்கையைப் பிடித்தபடி இருந்தாள்.

ஆட்டோ தையல்கடையைத் தாண்டும்போது மிஷின் சத்தம் இல்லை. ஆறு பெண்களும் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தியும் கையசைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் கம்ப்யூட்டர் முன் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், என்ன வேலை என்று கேட்டாள். தலை நிமிராமல் அடுத்ததைக் கேட்டாள்.

"இன்சூரன்ஸ் ஏதாவது இருக்காங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள், சக்கர நாற்காலியிலிருந்து அவர் சொன்னார்.

"இல்லம்மா. என் பொண்டாட்டி ஏஜெண்ட்டு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. 'இல்லை' என்ற இடத்தில் அடித்துவிட்டு, யார் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். பாலிசி அக்கா முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டாள்.