உயிரில்லாத லாட்

யாராவது நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் போதும், ஆம்பூர் தோல் கம்பெனியின் ஃபினிஷிங் செக்ஷன் எனக்குள் திறந்துகொள்ளும். தோலுக்கு அடிக்கிற லாக்கர் பூச்சுக்கும் அதே வாசனை. இனிப்பாக ஏறும், தலைக்குள் போய்க் கசக்கும்.

அங்கே தயாளன் ஃபோர்மேன். நான் எக்ஸ்போர்ட் ஆபீஸ். காலையில் அன்றைய தோலைப் பற்றி அவர் வாய்ஸ் மெசேஜ் போடுவார். அதைக் கேட்டு, தோல் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது என் வேலை. தயாளனுக்குத் தோல் ஒரு ஆள். "இன்னிக்கு மூஞ்சிய தூக்கி வச்சினு இருக்கு சார்" என்பார். பளபளப்பு குறைவு என்று நான் எழுதுவேன்.

பிறகு முதலாளியின் மகன் ஏஐ கொண்டுவந்தார். வாய்ஸ் உள்ளே போகும், மெயில் வெளியே வந்து நேராக பையரிடம் சேரும். என்னை டெஸ்பாட்சுக்கு மாற்றினார்கள். அதன் ஆங்கிலம் என்னுடையதைவிட அழகு, பொறாமையாகத்தான் இருந்தது. தயாளன் மட்டும் பழக்கதோஷத்தில் அதையும் "சார்" என்றே கூப்பிட்டார்.

ஒரு நாள், தோலை மென்மையாக்கும் டிரம்மில் அதிகம் சுற்றி ஒரு லாட் தோல் முழுக்கத் துவண்டுவிட்டது. "சார், இந்த லாட் செத்துப் போச்சு. உயிரே இல்ல. வேற போட்டுத் தர்றேன், டைம் கேளுங்க" என்றார். அழுத்தினால் எழும்பாத தோல் எங்கள் பேச்சில் செத்த தோல். ஏஐ எழுதியது வேறு: இந்த லாட், தானாக இறந்துபோன மாடுகளின் தோல், வருந்துகிறோம். அப்படிப்பட்ட தோலை வாங்குவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்த பையர் அவர். மத்தியானத்துக்குள் ஆர்டர் நின்றது.

சின்ன முதலாளி செக்ஷனுக்கே வந்துவிட்டார்.

"இன்னாய்யா பேசி வச்சிருக்க?"

"தோலத்தான் சொன்னேன் சார், மாட்ட சொல்லல."

"மாடு வேற, தோல் வேறயா?"

ஸ்பிரே அடிக்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். தயாளனுக்கும் அடக்க முடியவில்லை.

நான் பையருக்கு விளக்கி எழுதினேன். "புரிகிறது, ஆனால் முதல் மெயில் எங்கள் ஆடிட்டில் ஏறிவிட்டது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று அவரிடமிருந்து பதில் வந்தது. மிஷின் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது? தயாளனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். சிரித்ததையும் காரணமாகச் சொன்னார்கள்.

எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நான் செய்த வேலைக்கு இங்கிலீஷ் என்று பெயர் வைத்திருந்தேன். அதில் பாதி, தயாளனுக்கு போன் போட்டு "இன்னாப்பா சொல்ற, திருப்பிச் சொல்லு" என்று கேட்டது. அதை ஒரு வேலையாக கம்பெனி கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நிறுத்திய அன்று தயாளனோடு கேட் வரை போனேன். வாணியம்பாடியில் ஒரு கம்பெனியில் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

"அங்க எப்படி?" என்றேன்.

"அங்கயும் அந்த மிஷின் இருக்காம் சார். பரவால்ல, கம்மியா பேசிக்கிறேன்."