வராத இரட்டையருக்குச் சமைத்த காராமணி

இரட்டைப் பிள்ளைகளுக்குப் பேர்போன இக்போ-ஓரா என்ற ஊருக்கு ஃபலிலாத் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் இரண்டு ஜோடி இரட்டையர் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். நால்வரும் ஓரகத்தி அவாவு பெற்றவர்கள். ஊரில் அது பெரிய செய்தியே இல்லை. இரட்டையருக்கென்றே வைக்கும் பேர்களான டாய்வோவும் கெஹிந்தேவும் தெருவுக்குத் தெரு உண்டு. ஒற்றைப் பிள்ளை பெற்றவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஃபலிலாத் ஒரு பையனைப் பெற்றாள். பிறகு ஒரு பெண்ணை. இரண்டு முறையும் பிள்ளையைத் தூக்கிப் பார்க்க வந்தவர்கள், இன்னொன்று எங்கே என்று விளையாட்டாகப் பாயைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி அவளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கிழங்கு மாவுக் களியும் வெண்டை இலைக் குழம்பும்தான் அங்கே விசேஷம். அந்தக் குழம்பைச் சாப்பிட்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று லாகோஸ் நகரத்திலிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள். சாப்பிட்டுவிட்டு இலையையும் கட்டுக்கட்டாக வாங்கிக்கொள்வார்கள். கிளம்பும்போது, உங்களுக்கு எத்தனை ஜோடி என்று தவறாமல் கேட்பார்கள். கூடமாட உதவிக்கு வரும் அவாவு, களியைக் கிண்டிக்கொண்டே முந்திக்கொள்வாள்.

"அவளுக்கா? ஊருக்கே பரிமாறுறா, தன் தட்டுல போட்டுக்க மறந்துட்டா."

எல்லோரும் சிரிப்பார்கள். ஃபலிலாத்தும் சிரிப்பாள்.

மூன்றாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டபோது அவள் குழம்பை நம்பவில்லை. மருந்துக்கடைக்குப் போனாள். சினைமுட்டையை வளரச்செய்யும் மாத்திரை அது. பிள்ளை இல்லாதவர்களுக்கு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அளவாகக் கொடுப்பது. கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. ஒன்று போதும் என்றார். அவள் மூன்றாக விழுங்கினாள். முட்டை வெடித்து வெளிவர ஓர் ஊசியும் அங்கேயே போட்டுக்கொண்டாள். கணவன் லமிதிக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

தீட்டு தள்ளிப்போன கையோடு வயிறு ஏறத் தொடங்கியது. இடுப்புத் துணியின் முடிச்சு எட்டவில்லை. வீடு கொண்டாடியது. இத்தனை சீக்கிரம் வயிறு தெரிந்தால் அது இரட்டையேதான் என்றார்கள். அவாவு காராமணியை வேகவைத்துப் பனை எண்ணெய் ஊற்றிக் கிளறி, தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு இலையில் வைத்தாள். இரட்டையருக்குப் பிடித்த பண்டம் அது. வந்த பெண்கள் ஒவ்வொருவராக ஃபலிலாத்தின் வயிற்றைத் தொட்டு வாழ்த்தினார்கள். தொட்ட இடமெல்லாம் வலித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமீன் சொன்னாள்.

அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. சிறுநீர் சொட்டாகத்தான் போயிற்று. ஏதோ கோளாறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் காராமணி கேலிக்கூத்தாகிவிடும். குழம்பின் பேரும் அதோடு போகும். உள்ளே இரண்டு பேர் இருந்தால் இப்படித்தான் இருக்குமோ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அவாவு வந்து எதிரே உட்கார்ந்தாள். கேலி எதுவும் இல்லை. வயிற்றைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வீங்கியிருந்த இடது காலைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவ ரெட்டைய சுமந்தவ நான். எனக்கே இந்த மாசத்துல வயிறு தெரியல. நீ என்னத்த முழுங்குன?"

"ஒண்ணுமில்லக்கா."

"பொய் சொல்லக்கூட ஒனக்கு மூச்சு இல்ல. சொல்லு."

ஃபலிலாத் சொன்னாள். மாத்திரையை, ஊசியை, எல்லாவற்றையும். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவாவு திட்டவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், வண்டி பிடித்து வரும்படி லமிதியிடம் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, "மொதல்ல வண்டி, அப்புறம் கேள்வி" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். சினைப்பைகள் இரண்டும் ஆரஞ்சுப் பழம்போல் வீங்கியிருந்தன. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கியிருந்தது. நீர் இழந்த ரத்தம் தடித்து, காலில் உறைந்திருந்தது. ஊசி குத்தி நீரை வடித்தார்கள். இன்னும் ஓரிரு நாள் வீட்டிலேயே கிடந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது என்றார் மருத்துவர். பிறகு ஸ்கேனில் ஒரே ஒரு துடிப்பைக் காட்டினார்.

ஊர் திரும்பியபோது பெண்கள் கேட்டார்கள், ரெட்டைதானே என்று. அவாவு மறித்தாள்.

"காராமணி தின்னீங்கல்ல? வயிறு நெறஞ்சுதுல்ல? போய் வேலையப் பாருங்க."

ருக்காயா ஒற்றையாகப் பிறந்தாள். ஃபலிலாத்தின் இடது கால் வீக்கம் அதன்பின் வற்றவே இல்லை. முக்காலியில் காலை நீட்டியபடியே பல வருடம் கடை நடத்தினாள். எத்தனை ஜோடி என்று கேட்டவர்களுக்கு இப்போது அவளே பதில் சொன்னாள்: ஒன்றும் இல்லை, முயன்றேன், இப்படி ஆயிற்று. வியாபாரம் படுத்துவிடும் என்று அவாவு முணுமுணுத்தாள். கொஞ்சம் படுத்தது. சில பெண்கள் முகம் சுளித்து எழுந்து போனார்கள். சிலர் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார்கள். அதை அவள் பிடுங்கியதில்லை. முதலில் மருத்துவரிடம் போ, ஸ்கேன் எடு என்று மட்டும் சொல்வாள்.

போன மழைக்காலத்தில் ரத்தக் கட்டி ஒன்று காலிலிருந்து நுரையீரலுக்குப் போனது. நிமிடங்களில் முடிந்துவிட்டது. அன்று அந்திக்குள் அடக்கம் செய்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவாவு கடையைத் திறந்தாள். லாகோஸ்காரப் பெண் ஒருத்தி வந்து, இரட்டைக் குழம்பு விற்கும் அம்மா எங்கே என்று கேட்டாள். அவாவு அடுப்பைத் தணித்துவிட்டு முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"அவ இல்லம்மா. நீ உக்காரு. நான் சொல்றேன்."