சலவைத் துணியின் நீலம்

அண்ணன் எந்தக் கதவையும் கையால் திறந்து நான் பார்த்ததில்லை. முழங்கையால்தான் தள்ளுவார். விரல் பிசுக்கு படக்கூடாது என்று ஆய்வகத்தில் பழகியது, இருபத்திரண்டு வருடத்தில் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"கையை அங்கேயே பூட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்பார் அண்ணி.

அண்ணன் ஆராய்ச்சியாளர் இல்லை. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு மெல்லிய படலம் செய்து கொடுப்பவர். காற்றை உறிஞ்சியெடுத்த பெட்டிக்குள் துத்தநாக ஆக்சைடை ஆவியாக்கி, நகமளவு படிகச் சில்லின்மேல் படியவைப்பார். படலத்துக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத ஓர் அடுக்கை வைத்து ஏழெட்டு வருடம் முயன்றார்கள். குவாண்டம் கிணறு என்று அதற்குப் பெயர். சரியாக அமைந்தால், புற ஊதா ஒளி பட்டதும் நீலமாக ஒளிருமாம்.

"கிணத்துல தண்ணி வந்துச்சா?" அண்ணி தினமும் கேட்பார்.

"ஊறும், ஊறும்."

போன மழைக்காலத்தில் ஊறியது. பேராசிரியர் எழுதி அனுப்பிய கட்டுரையில் அண்ணன் பெயரும் முதல்முறையாக இருந்தது. அதை வைத்து அவருடைய ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்றார்கள். அந்தத் தாளை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்.

ஒரு ஞாயிறு மாலை உடைந்த சில்லையும் புற ஊதா டார்ச்சையும் கொண்டுவந்து ஜன்னலைச் சாத்தினார்.

"இங்க பாரும்மா."

சில்லு நீலமாக மின்னியது. அண்ணி கைதட்டினார். நான் சில்லைச் சுற்றிக் கொண்டுவந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் நன்றாக மின்னியது.

அளப்பதற்கு முன் படலத்தின் தூசியை ஒற்றியெடுக்கும் துணி அது. துவைத்துக் கொடுப்பது நான். "பொடி போடாதே, வெந்நீர் போதும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். மழையில் காயாமல் வாடை அடித்ததால், மூன்று மாதமாகப் பளிச்சென்று வெளுக்கும் பொடியைப் போட்டிருந்தேன். சொல்லவில்லை. கேட்டால்தான் எனக்குப் பேச்சு வரும்.

மூன்றாம் நாள் காலை அவர் கிளம்பும்போது வாசலில் நின்றேன்.

"அண்ணே, அந்தத் துணியும் மின்னுச்சு."

"வெள்ளைத் துணி மின்னத்தாம்மா செய்யும். துவைக்கிற பொடியில கலக்குற வெளுப்பு மருந்து..." நிறுத்தினார். "பொடி போட்டியா?"

"போட்டேன்."

திட்டியிருந்தால் தேவலாம். பையிலிருந்து, மேலே ஒன்றும் பூசாத சில்லை எடுத்தார். அதே துணியால் ஒற்றினார். ஜன்னலைச் சாத்தி டார்ச்சை அடித்தார். நீலம்.

"என் விரலைத்தான் இத்தனை நாளா சந்தேகப்பட்டேன்."

"யாருக்குங்க தெரியப்போகுது?" என்றார் அண்ணி.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே."

நேரே பேராசிரியரிடம் போய்ச் சொன்னார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நிரந்தரம் என்ற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. ஒப்பந்தத்தை மட்டும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். அண்ணி கிணற்றைப் பற்றிக் கேட்பதில்லை. அந்தத் துணிகளை அண்ணனே துவைக்கிறார்.