ஊசி வேண்டாம், மீன் போதும்: யாழினியோடு பினாங்குக்கு

என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. தைப்பிங்கில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். ஒன்றரை வருடமாகச் சீருடை மாற்ற வேண்டியே வரவில்லை என்றதும், ஜோர்ஜ்டவுனில் ஒரு குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டத் தொடங்கினோம். போன மாதம் பரிசோதனை முடிந்தது. இந்த வெள்ளிக்கிழமை முடிவு கேட்கப் போனோம். இதே வேலையாகப் பினாங்கு போகிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ஃபெரி, கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். கடல் காற்று பட்டதும் யாழினி குதிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ ஊசி நினைப்புதான். வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்றால் தினமும் ஊசி, அதுவும் பல வருடங்களுக்கு. தடுப்பூசிக்கே மேசைக்கடியில் ஒளிந்துகொள்கிற பிள்ளை இது!

துறையில் ஏறிய வாடகைக் காரின் ஓட்டுநர் சுங்கை பினாங்குத் தமிழர். மருத்துவமனைப் பெயரைக் கேட்டதும் விசாரித்தார்.

"யாருக்குண்ணே உடம்பு சரியில்ல?"

"பாப்பா வளரலையேன்னு காட்டப் போறோம் தம்பி."

கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "இவ்ளோ பேசுது, வளராமலா போயிடும்? கவலப்படாதீங்க லா."

மருத்துவர் அறிக்கையைப் புரட்டியபடியே சிரித்தார். "ஹார்மோன் நல்லாவே சுரக்குது. ஊசி வேண்டாம். ஆனா அத வச்சு உடம்பு வளரணும்னா சாப்பாடு பத்தணும். இவளுக்குப் பத்தல. எடையும் கம்மி. கை எக்ஸ்ரேல எலும்பு வயசுக்குப் பின்தங்கி இருக்கு, அதனால வளர இன்னும் இடம் இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே குழப்பம். தினமும் அவள் அம்மா கட்டிக் கொடுக்கும் டப்பா காலியாகத்தானே திரும்பி வருகிறது?

அடுத்த அறையில் இருந்த உணவியல் நிபுணர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக யாழினியிடம் குனிந்தார்.

"ஸ்கூல்ல ரீசஸுக்குச் சாப்பிட அம்மா என்ன கொடுப்பாங்க?"

"முட்ட. இல்லன்னா மீன்."

"எல்லாம் சாப்பிட்டுருவியா?"

"சோறு கொஞ்சம் சாப்பிடுவேன். மீனு பொம்மிக்கு."

"பொம்மி யாரு? ஃபிரண்டா?"

"பூனை. கேன்டீன் பின்னால இருக்கு. இப்ப குட்டி போட்டிருக்கு, அதான் முட்டையும்."

அந்த அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான். "பொம்மிக்கு இனிமே தலையும் வாலும். நடுத்துண்டு உனக்கு. சரியா?"

யாழினி பேரம் பேசினாள். "குட்டிங்களுக்கு?"

"அதுங்களுக்கு அவங்கம்மா பால் இருக்கும்மா."

ஒப்பந்தம் முடிந்தது. வெளியே வந்து மனைவிக்கு ஃபோன் செய்தேன். அவள் முதலில் அழுதாள், பூனைக் கதையைக் கேட்டதும் அழுகையும் சிரிப்புமாகிவிட்டாள்.

நேராகக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய், சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் சாப்பிட்டோம். பரிமாறிய அண்ணன் மீன் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டி, "இது போதுமா பாப்பா?" என்றார். "நடுத்துண்டு வேணும்," என்றாள் அவள், மிகவும் கண்டிப்பாக. இருவருக்கும் பத்தொன்பது வெள்ளி. தட்டில் முள் மட்டும்தான் மிஞ்சியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். கையில் ஊசி பொருத்தி, மருந்து கொடுத்து, இடைவெளி விட்டுப் பலமுறை ரத்தம் எடுப்பார்கள். எங்களுக்குக் கொடுத்த மருந்தில் பிள்ளை தூங்கி வழிந்தாள், அதனால் அன்றைக்கு ஊர் சுற்றத் திட்டம் வேண்டாம். அறை குளிரும். போர்வையும், முடிந்ததும் சாப்பிட ஏதாவதும் கொண்டுபோங்கள். முடிவு அன்றே வராது. முக்கியமாக, என்ன சாப்பிடுகிறாய் என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள், திட்டாமல்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும் ஃபெரியில் யாழினி என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, பசிக்குது."

இந்தப் பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.